அமெரிக்காவில் கல்வியியல் முதுநிலைப் படிப்புக்கு நிதியுதவி

பெருங்கடன் இல்லாமல் அமெரிக்காவில் கல்வியியல் முதுநிலைப் பட்டம் பெற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் முதலில் ஃபாஃப்சா (FAFSA) எனப்படும் மாணவர் நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். கூட்டாட்சி அரசின் உதவிகளுக்கு அதுவே நுழைவாயில்.

அவற்றுள் ஆசிரியராக விரும்புவோருக்கென்றே உள்ளது டீச் மானியம். முதுநிலை மாணவருக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் வரையும், மொத்தமாக 8,000 டாலர் வரையும் கிடைக்கும். ஆனால் படிப்பு முடிந்த 8 ஆண்டுகளுக்குள், ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் மிகுதியாகப் பயிலும் பள்ளியொன்றில், கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி போன்ற ஆசிரியர் பற்றாக்குறையுள்ள துறையில் 4 ஆண்டுகள் முழுநேரம் கற்பித்தாக வேண்டும். தவறினால் மானியம் முழுவதும் கடனாக மாறி, பணம் வழங்கப்பட்ட நாளிலிருந்தே வட்டியும் சேரும். அத்தகைய பள்ளியில் பணியாற்றும் உறுதி உள்ளவர்கள் மட்டுமே இதில் கையெழுத்திட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

கடன் வாங்கித்தான் ஆகவேண்டுமெனில், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்குக் கிராட் பிளஸ் (முதுநிலை மாணவருக்கான கூட்டாட்சிக் கடன் வகைகளுள் ஒன்று) கிடையாது என்பதையும், இத்துறையில் கூட்டாட்சிக் கடனின் ஆண்டு வரம்பு 20,500 டாலர் என்பதையும் மனத்தில் கொண்டு, கட்டணம் குறைந்த மாநிலப் பல்கலைக்கழகங்களை முதலில் பாருங்கள்.

மாணவர் விசாவில் செல்வோருக்குக் கூட்டாட்சி உதவி இல்லாததால், கட்டண விலக்குடன் உதவித்தொகையும் தரும் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பணியிடங்கள் உண்டா என்று சேருமுன்பே துறையிடம் எழுதிக் கேட்பது நல்லது.