பெர்லினுக்கு ஊர் டயர் வேண்டாம்

தம்பி, பெர்லினுக்கு வந்த ஒரே மாதத்தில் சைக்கிளின் பின்சக்கரம் மூன்று முறை பஞ்சர் என்கிறீர்கள். எந்த டயர் போடலாம், ஊரிலிருந்து வரும் நண்பரிடம் இரண்டு வாங்கிவரச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லாதீர்கள். அங்கேயும் 28 இஞ்ச், இங்கேயும் 28 இஞ்ச் என்று நம்பி, பெட்டியில் புளிக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவே இரண்டு டயர் சுமந்து வந்தவன் நான். நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் டயர் ரிம்மில் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இங்கே பெரும்பாலும் 622. பாட்டன் சட்டையைப் பேரனுக்குப் போட்டதுபோல் தொளதொளவென்று நின்றது. பழைய டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். முதலாவது அகலம், மட்கார்டில் உரசாதவரை சற்றுக் கூடலாம். இரண்டாவது இம்மியும் மாறக்கூடாது.

இங்கே பஞ்சருக்குக் காரணம் முள் அல்ல, பீர் பாட்டில். சனி, ஞாயிறு காலைகளில் சைக்கிள் பாதையைப் பார்த்தால் புரியும். புத்தாண்டு நாளில் நான் சைக்கிளைத் தொடுவதே இல்லை. கண்ணாடிச் சில்லு உடனே ஓட்டை போடாது. ரப்பரில் செருகிக்கொண்டு, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே ஏறி, நாலு நாள் கழித்து டியூபைத் தொடும். ஆகவே தடிமன்தான் காப்பு. ஷ்வால்பே என்ற ஜெர்மன் கம்பெனியின் மாரத்தான் பிளஸ் டயரில், ஓடும் பரப்புக்கு அடியில் 5 மில்லிமீட்டர் ரப்பர் பட்டை இருக்கிறது. பெரும்பாலான சில்லுகள் அதைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். எனக்கு ஆறு ஆண்டில் ஒரே பஞ்சர். ஆனால் கனம்; மிதிக்கும்போது தெரியும். விறைப்பு வேறு, மாட்டுவதற்குள் கட்டைவிரல் நகம் போய்விடும். மூன்றாம் மாடிக்குத் தூக்கிச் செல்பவர் என்றால் பிளஸ் இல்லாத மாரத்தான் போதும். கையில் காசு குறைவென்றால் நல்ல டயரைப் பின்சக்கரத்துக்குப் போடுங்கள். உடம்பின் பாரம் அங்கேதான் இறங்குகிறது.

விலையைப் பார்த்து மலைக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி பார்த்து ஒட்டித் தரும் மரத்தடிக் கடை இங்கே இல்லை. நான் முதலில் போன கடையில் ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். ஒட்டவும் மாட்டோம், புது டியூப்தான் என்றார்கள். கூலியும் சேர்ந்தபோது அரை டயர் விலை போயிற்று.

எந்த டயர் ஆனாலும் காற்றுக் குறைந்தால் பள்ளத்தில் ரிம் டியூபை நசுக்கிவிடும். பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு இரண்டு வாரத்துக்கொருமுறை அடியுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன் ஒன்று. மூன்று டியூபிலும் வால்விலிருந்து ஓட்டைக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். ஒரே தூரம் என்றால் மூன்றையும் குத்தியது ஒரே சில்லாக இருக்கும், டயரிலேயே குடியிருக்கிறது. உட்புறம் பழந்துணியால் மெல்லத் துடைத்தால் நூல் சிக்கும் இடத்தில் அகப்படும். வெறும் விரலை விடாதீர்கள்.