படம் ஓடுது, சத்தம் இல்லை

கேள்வி: என்னிடம் உள்ள ப்ளூ-ரே டிஸ்க்குகளை மகன் எம்கேவி ஃபைல்களாக மாற்றிக் கொடுத்தான். பென் டிரைவை டிவியில் செருகினால் படம் பளிச்சென்று வருகிறது, சத்தம் மட்டும் இல்லை. லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் இரண்டும் வருகின்றன. ஃபைல் பெயரில் எம்கேவியை எம்பி4 என்று மாற்றியும் பார்த்தோம். டிவி பழுதா?

பதில்: இல்லை, மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடாதீர்கள். எம்கேவியும் எம்பி4-ம் டிபன் கேரியர்கள். படம் ஓர் அடுக்கு, ஒலி ஓர் அடுக்கு, சப்டைட்டில் இன்னொன்று. கேரியரின் பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் குழம்பு ரசமாகிவிடுமா?

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அந்த ஃபைலைத் திறந்து, ஆடியோ என்ற பகுதியைப் பாருங்கள். டிடிஎஸ் என்று இருக்கும், பந்தயமே கட்டுவேன். 1993-ல் 'ஜுராசிக் பார்க்'கோடு தியேட்டருக்கு வந்த ஒலிமுறை அது, ப்ளூ-ரேயில் சர்வசாதாரணம். ஆனால் டிவியில் அதைச் சேர்க்க கம்பெனி தனி லைசென்ஸ் வாங்க வேண்டும், பல மாடல்களில் வாங்குவதில்லை. 4கே என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் இதை அட்டைப்பெட்டியின் மூலையில்கூடப் போடுவதில்லை!

உங்களுடையது ஆண்ட்ராய்டு டிவி என்றால் பிளே ஸ்டோரில் விஎல்சியை இறக்கி அதிலேயே ஓட்டுங்கள்; டிடிஎஸ்ஸை அதுவே பிரித்துக்கொள்ளும். வேறு டிவி என்றால் மகனிடம் எஃப்எஃப்எம்பெக் என்ற, கட்டளை தட்டி ஃபைல்களை மாற்றும் இலவச மென்பொருள் பற்றிச் சொல்லுங்கள். வீடியோவுக்கு 'காப்பி', ஆடியோவுக்கு 'ஏசி3' (டிவிகள் பொதுவாகப் படிக்கும் டால்பி டிஜிட்டல் ஒலிமுறை), ஒலியின் பிட்ரேட் 640கே என்று கட்டளை கொடுத்தால் போதும். படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றுவதால் சில நிமிடங்களில் வேலை முடியும், படத்தின் தரமும் குறையாது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டால் படத்தையும் முதலிலிருந்து சுருக்கும். நேரம் இழுக்கும், கொஞ்சம் துல்லியமும் போகும். இதற்கு அது வேண்டாம்.

கேள்வி: 32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருந்தும் 6 ஜிபி படம் ஏற மறுக்கிறதே?

பதில்: அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள். பழைய டிவி அதைப் படிக்கவில்லை என்றால் என்டிஎஃப்எஸ். அப்புறம், ஃபார்மேட் செய்தால் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பேத்தியின் போட்டோ ஏதாவது இருந்தால் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.