பத்தாயத்து நெல் திருட்டுப் போகிறது என்கிறார் அம்மா: இது மறதி நோயின் தொடக்கமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. அப்பா போய் மூன்று வருஷமாகிறது. மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார். எட்டு மாதமாக, எதிர்வீட்டுக்காரர் ராத்திரியில் ஓட்டைப் பிரித்து இறங்கி, பத்தாயத்து நெல்லை அள்ளிக்கொண்டு போகிறார் என்கிறார். கொல்லையில் நின்று இரண்டு பேர் தன்னைப் பற்றிப் பேசுவது கேட்கிறதாம். காது கொஞ்சம் மந்தம். ஆனால் குத்தகைக் கணக்கு, பேரப்பிள்ளைகளின் நட்சத்திரம் எல்லாம் பிசகாமல் சொல்கிறார். ‘வயசானா இப்படித்தான்’ என்றார் ஒரு மருத்துவர். மனநோய் தீரும் என்று நம்பிப் போகும் குணசீலம் கோயிலுக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள் உறவினர்கள். முதுமையில் வரும் இத்தகைய சந்தேகம் டிமென்ஷியாவுக்கு, அதாவது மறதி நோய்க்கு, முன்னறிவிப்பு என்று படித்தேன். உண்மையா? மாத்திரை என்றால் வாங்க மாட்டார். காபியில் கலந்து கொடுக்கலாமா?
ஒரு மகன், திருவாரூர் மாவட்டம்

பதில்: முன்னறிவிப்பாக இருக்கலாம். இருந்தே தீரும் என்று இல்லை. ‘வயசானா இப்படித்தான்’ என்பது மட்டும் நிச்சயமாகத் தவறு. எழுபது வயதுவரை இல்லாத ஒரு சந்தேகம் புதிதாக வந்து மாதக்கணக்கில் நிலைத்துவிட்டால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடியாக வேண்டும்.

முதலில், நெல் உண்மையிலேயே குறைகிறதா என்று பார்த்துவிடுங்கள். நிலத் தகராறும் வரப்புச் சண்டையும் உள்ள ஊரில் ஒரு மூதாட்டி சொல்வதையெல்லாம் நோய் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நீங்களே ஒருமுறை மரக்கால் போட்டு அளந்து எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஓட்டின்மேல் எலியும் மரநாயும் ஓடும் சத்தம் நல்ல காதுக்கே ஆள் நடமாட்டம் போலக் கேட்கும். மந்தமான காதுக்கு அது பேச்சாகவும் கேட்கலாம்.

அதனால்தான் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகச் சொல்கிறேன். அழுக்கு அடைத்திருந்தால் எடுப்பது சில நிமிட வேலை. நரம்பு சார்ந்த செவிட்டுத்தன்மை என்றால் காது மெஷின் வேண்டியிருக்கும். 60 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) போன்ற நோயைத் தனி வகையாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று பல நாட்டு நிபுணர்கள் 2000-ல் ஒருமித்துச் சொன்னார்கள். அந்த வகையில் பெண்கள் அதிகம். காது கேளாமையும் தனிமையும் அடிக்கடி கூடவே இருக்கும். சுவரையோ கூரையையோ கடந்து ஆள் வருவதாக நம்புவதும், தன்னைப் பற்றிப் பிறர் பேசும் குரல்கள் கேட்பதும் அதன் அடையாளங்கள். நீங்கள் எழுதியிருப்பது இந்தப் படத்தோடு நன்றாகப் பொருந்துகிறது.

டிமென்ஷியாவில் வரும் சந்தேகம் பெரும்பாலும் இப்படி இருக்காது. தானே எங்கோ வைத்த சுருக்குப்பையைக் காணாமல், ‘மருமக எடுத்துட்டா’ என்பார்கள். கதை சின்னது, ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். வீட்டுக்குள் குழந்தைகளோ விலங்குகளோ நிற்பதாகக் கண்ணுக்குத் தெரிந்து, ஒருநாள் தெளிவாகவும் மறுநாள் மந்தமாகவும் இருந்து, நடை தளர்ந்து, தூக்கத்தில் கை காலை உதைத்தால் லூயி பாடி டிமென்ஷியாவாக இருக்கலாம். அப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சந்தேகத்துக்கும் குரல் கேட்பதற்கும் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் அந்த நோயாளிகளை ஒரேயடியாக முடக்கிவிடக்கூடும்.

இன்னொன்று டெலிரியம் என்ற திடீர் மனக்குழப்பம். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று நேரம் காலம் தெரியாமல் உளறுவது, மாலையில் கூடி காலையில் தணிவது, பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுவது. எட்டு மாதமாக ஒரே சீராக இருப்பதால் உங்கள் அம்மாவுக்கு இது அடிப்படைக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் இனி எந்த நாளிலாவது நிலைமை திடீரென்று மாறினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நாலைந்து நாள் மலச்சிக்கல், சிறுநீர் கட்டிக்கொள்வது, எல்லாமே முதியவரின் மூளையைக் குழப்பும். ‘உப்பு இறங்கிப் போச்சு’ என்கிறோமே, அந்தச் சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைட், குளோர்தாலிடோன் மாத்திரைகள் சிலருக்கு அதை இறக்கிவிடும்.

மாத்திரைகளே குற்றவாளியாக இருப்பது பலரும் நினைப்பதைவிட அதிகம். சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமின், கைநடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிபெனிடில், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாததற்கான ஆக்ஸிபியூட்டினின், மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த ஸ்டீராய்டு என்று பட்டியல் நீளும். அம்மாவின் அலமாரி, தலையணை அடி, பூஜை மாடம் எல்லாவற்றிலும் தேடி, காலி அட்டை உட்பட ஒரு மஞ்சப்பையில் போட்டு மருத்துவரிடம் அப்படியே கொட்டிக் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனைகள்: ரத்த அணுக்கள், சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், கால்சியம், கிரியாட்டினின், கல்லீரல், தைராய்டு, பி12, சிறுநீர். ஒருமுறையாவது தலைக்கு ஸ்கேன். கொல்லையில் வழுக்கி விழுந்து தலையில் லேசாக அடிபட்டதை எல்லோரும் மறந்திருப்பார்கள். மூளைக்கு வெளியே ரத்தம் மெல்லக் கசிந்து சேர்ந்திருக்கும். கண்ணையும் காட்டிவிடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட டிமென்ஷியா தொடர்பு. 2022-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 11 ஆய்வுகளில் இருந்த ஏறக்குறைய 1.3 கோடிப் பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. சைக்கோசிஸ், அதாவது இப்படி இல்லாததை நம்புவதும் குரல் கேட்பதுமான நோய், வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டிமென்ஷியா வரும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு. கேட்டால் பதறத்தான் செய்யும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: சாதாரணமாக நூறு பேரில் எட்டுப் பேருக்கு வரக்கூடிய கால அளவில் இவர்களில் இருபது பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், மீதி எண்பது பேருக்கு வருவதில்லை.

சிலருக்கு சந்தேகமே மூளை நோயின் முதல் வெளிப்பாடு. அல்சைமர் என்ற மருத்துவர் 1901-ல் பிராங்க்பர்ட்டில் பார்த்த முதல் நோயாளிக்கு வயது 51. அந்தப் பெண்ணிடம் மறதிக்கும் முந்தித் தெரிந்தது கணவர்மீதான சந்தேகம். வேறு சிலருக்குக் காது கேளாமை, தனிமை, சர்க்கரை, புகை போன்ற பொதுக் காரணங்கள் இரண்டு நோய்க்கும் அடிபோடுகின்றன. 50 வயதுக்கு மேல் புதிதாக வந்து ஆறு மாதம் நீடிக்கும் நடத்தை மாற்றத்தை டிமென்ஷியாவின் முன்குறியாகக் கருதிக் கண்காணிக்க வேண்டும் என்று 2016-ல் ஆராய்ச்சியாளர்கள் வரையறை வகுத்தார்கள். அம்மாவுக்கு எட்டு மாதம். ஆகவே கண்காணிப்பு கட்டாயம்.

நட்சத்திரமும் குத்தகைக் கணக்கும் பிசகவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பழைய நினைவு கடைசியில்தான் போகும். போன வாரம் வீட்டுக்கு யார் வந்தார்கள், கரண்ட் பில் கட்டியாயிற்றா, சொன்ன கேள்வியையே அரை மணியில் திரும்பக் கேட்கிறாரா, சாம்பாரில் புளியை இரண்டு தடவை கரைத்து விடுகிறாரா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் தேதி, நேரம், அவர் சொன்னது, அதற்கு முன் நடந்தது, தூக்கம், மலம், சாப்பாடு எல்லாம் எழுதுங்கள். மருத்துவமனையில் செய்யும் நினைவுச் சோதனையைப் படிப்புக்கு ஏற்றபடி பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகாதவருக்கு எழுத்துச் சோதனையில் மதிப்பெண் குறைவது நோயல்ல. ஆறு மாதம் கழித்தும், பிறகு வருஷத்துக்கு ஒருமுறையும் அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒருநாள் மதிப்பெண்ணைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் நோயைக் காட்டும்.

காபியில் கலப்பது வேண்டவே வேண்டாம். கசப்பு தெரிந்துவிட்டால் ‘பெத்த புள்ளையே விஷம் வைக்கிறான்’ என்று சந்தேகம் உங்கள் பக்கம் திரும்பும். பிறகு சோறே வாங்க மாட்டார். பாதி டம்ளர் குடித்தால் எத்தனை மில்லிகிராம் போனது என்றும் தெரியாது. சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் உள்ளவரின் சம்மதம் வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். அவர் பட்டினி கிடந்தாலோ, யாரையாவது தாக்கப் போனாலோ என்ன செய்வது என்பதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. மனநல மருத்துவர் சொல்வார்.

மருந்து பலிக்காது என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில், 60 வயதுக்கு மேல் மனச்சிதைவு போன்ற நோய் வந்த முதியவர்கள் 101 பேரிடம் நடந்த சோதனை 2018-ல் வெளியானது. ஒரு நாளைக்கு வெறும் 100 மில்லிகிராம் அமிசல்பிரைடு என்ற மனநோய் மருந்து நல்ல பலன் தந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்தவர்களுக்கு அது நிலைத்தது. டிமென்ஷியா என்றால் கணக்கே வேறு. 2005-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 17 சோதனைகளைப் பார்த்து எச்சரித்தது: சுமார் பத்து வாரத்தில் இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதம் பேர் இறந்தார்கள், மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம். அதனால் டிமென்ஷியாவில் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, ஆறு வாரத்துக்குள் பலனைப் பார்த்து, மூன்று மாதத்துக்குள் குறைத்து நிறுத்த முயல்வார்கள். ஒரே வகை மருந்தை ஒருவருக்குத் தொடர வேண்டும், இன்னொருவருக்கு நிறுத்த வேண்டும். நோய் எதுவென்று தெரியாமல் மாத்திரை தொடங்கக் கூடாது என்பது இதனால்தான். கை விறைப்பு, வாயில் எச்சில் வடிதல், எழுந்தால் தலைசுற்றி விழுதல் தெரிந்தால் உடனே சொல்லுங்கள்.

‘யாரும் வரலம்மா’ என்று வாதாட வேண்டாம். ‘ஆமா, அவன் திருடன்தான்’ என்று ஒத்து ஊதவும் வேண்டாம். ‘ராத்திரியெல்லாம் கண்ணு மூடாம பயந்து கெடக்குறியேம்மா, அதுதான் எனக்குக் கவலை. காதையும் தூக்கத்தையும் ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுவோம்’ என்று சொல்லிப் பாருங்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. போவதற்கு முன் பேச வேண்டுமென்றால் 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது.

குணசீலம் போவது அம்மாவுக்கு ஆறுதல் தருமென்றால் போய் வாருங்கள். மாத்திரைகளைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், வெயிலில் தண்ணீர் குடிக்க வையுங்கள். ஒரு மண்டலம் அங்கேயே தங்குவது மட்டும் ரத்தப் பரிசோதனையும் காதுப் பரிசோதனையும் முடிந்த பிறகு இருக்கட்டும். கிளம்புவதற்கு முன், அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து எதிர்வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பழி சுமப்பவர் அவர். ராத்திரி ஏதாவது ஒன்றென்றால் முதலில் ஓடி வர வேண்டியவரும் அவரே.