கோட்டையை விடுங்கள், சந்தையைத் தேடுங்கள்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டில் இருக்கும் மாமா ஒரு மெட்டல் டிடெக்டர் கொண்டுவந்து கொடுத்தார். எங்களுக்கும் சித்தப்பாவுக்குமாக ஆறு ஏக்கர் இருக்கிறது, பக்கத்துக் கொல்லைக்காரர்களும் தெரிந்தவர்கள்தான். மூன்று ஞாயிறு சுற்றியும் பாட்டில் மூடியும் துருப்பிடித்த ஆணியும் தவிர எதுவும் இல்லை. பழைய மேப் பார்த்தால் நல்ல இடம் தெரியும் என்கிறார்களே, எந்த மேப், அதில் எதைப் பார்ப்பது?"

புதையல் இருக்கும் இடத்தை எந்த சர்வேயரும் குறித்து வைத்துவிட்டுப் போகவில்லை. மேப் சொல்வது ஒன்றே ஒன்றுதான், அந்தக் காலத்தில் ஜனம் எங்கே கூடியது என்று. அதை இன்றைய படத்தோடு வைத்துப் பார்த்தால் அப்படிக் கூடிய இடங்களில் எது இப்போது வெறும் கொல்லையாகக் கிடக்கிறது என்பது தெரியும். நமக்கு வேண்டியது அந்த இடம். மடியிலும் சுருக்குப்பையிலும் காசு வைத்திருந்தவர்கள் உட்கார்ந்து, படுத்து, சண்டை போட்டு, பேரம் பேசி எழுந்து போன இடம்.

உங்கள் ஊருக்கு சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஒரு அங்குலத் தாள் (மைலுக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் போட்ட மேப்) 57 எல் (L)/13, வேலூர் டவுனுக்கு 57 பி (P)/1, ஆற்காடு ராணிப்பேட்டைக்கு 57 பி (P)/5. அச்சிட்ட பழைய பிரதி நூலகங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் சில சமயம் அகப்படும். அமெரிக்க ராணுவம் 1950களில் அச்சிட்ட 1:2,50,000 தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, ஆனால் அதில் சாலையும் ஆறும் பார்க்கலாமே தவிர கொல்லை அளவுக்கு இறங்க முடியாது. வட ஆற்காடு என்று தேடும்போது ஒரு விஷயம்: 1911-க்கு முந்தைய மாவட்டத்தில் சித்தூரும் திருப்பதியும் சேர்ந்தே இருக்கும், ஊர்ப் பெயரும் வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடிதான் இருக்கும். உங்கள் குடியாத்தமே 'கோரியாத்தம்' மாதிரி எழுதப்பட்டிருக்கும், அதைப் பார்த்து வேறு ஊர் என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

அடுத்து பழைய மேப்பை இன்றைய சாட்டிலைட் படத்தின் மேல் உட்கார வைப்பது. க்யூஜிஐஎஸ் இலவச மென்பொருள், அதில் ஜியோரெஃபரன்சர் என்று ஒன்று இருக்கிறது, யூடியூப் பார்த்து ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஓரத்தில் அச்சிட்ட தீர்க்கரேகையை நம்பி மட்டும் உட்கார வைக்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டுத் தாள்கள் மெட்ராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகையை வைத்துப் போட்டவை, அந்தக் கணக்கு சுமார் 2 நிமிடம் 27 விநாடி கூடுதல் என்று பிறகுதான் தெரிந்தது. நம் அட்சரேகையில் அது நாலு கிலோமீட்டருக்கும் மேல். நான் முதல் தடவை இது தெரியாமல் ஒரு பழைய சத்திரத்தைத் தேடி, கிழக்கே நாலு கிலோமீட்டர் தள்ளி, யாரோ ஒருவருடைய கரும்புத் தோட்டத்தின் வரப்பில் அரை நாள் நின்றிருக்கிறேன். அதனால் எண்ணை விடுங்கள், நகராத பொருளைப் பிடியுங்கள்: மலை உச்சியில் உள்ள சர்வே கல், கோயில் கோபுரம், ஏரி மதகு, பழைய பாலம். இதில் ஆறேழு புள்ளி, அதுவும் தாளின் நாலு மூலையிலும் பரவலாக எடுத்துக்கொண்டால் நன்றாகவே உட்காரும். ஆற்று வளைவைப் புள்ளியாக வைக்க வேண்டாம். பாலாறும் கவுண்டன்யாவும் கரையை மாற்றிக்கொண்டே வந்தவை, 1903 நவம்பர் வெள்ளத்தில் வாணியம்பாடி பட்ட பாட்டைப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

சரி, எதைத் தேடுவது? புதிதாக வருகிற எல்லோரும் கோட்டையில்தான் போய் நிற்பார்கள். வேலூர்க் கோட்டை, 1751-ல் கிளைவ் முற்றுகைக்குள் இருந்த ஆற்காடு, 1781-ல் சண்டை நடந்த சோளிங்கர் என்று ஆசை வருவது நியாயம்தான். ஆனால் மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் இடத்தில் டிடெக்டரோடு கால் வைக்கவே கூடாது. சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்பது கட்டடத்துக்கும் குவாரிக்கும் போட்ட எல்லை என்றாலும், நான் அந்த 300 மீட்டரையும் மேப்பிலேயே சிவப்பில் அடித்துவிடுவேன். காப்புக்காடும் அப்படித்தான். ஏரி, ஆறு, கோயில் நிலம், புறம்போக்கு எல்லாவற்றையும் அடித்தபின் மிச்சம் இருக்கிற பட்டா நிலம்தான் உங்கள் மைதானம்.

அந்த மிச்சத்தில் என் முதல் ஓட்டு வாரச் சந்தைக்கு. பழைய சர்வே தாள்களில் சந்தை என்று எழுதி, பக்கத்தில் கிழமையும் போட்டிருப்பார்கள். பொய்கை மாட்டுச் சந்தை செவ்வாய்க்கிழமை இன்றும் கூடுகிறது, அங்கே நமக்கு வேலை இல்லை. ஆனால் சந்தை இடம் மாறின ஊர்களும் உண்டு, பழைய இடம் இப்போது யாருடைய கடலைக் கொல்லையாகவோ இருக்கும். இரண்டாவது சத்திரமும் அதை ஒட்டின மாந்தோப்பும் புளியந்தோப்பும். மெட்ராஸ்–பெங்களூர் சாலையில் வண்டி கட்டிப் போனவர்கள் வெயிலுக்கு அவிழ்த்துவிட்டுப் படுத்த இடம் அது. வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் வந்ததே 1856-ல்தான், அதுவரை எல்லாம் வண்டிப்பாட்டைதான். பாட்டை ஓடையில் இறங்கி ஏறுகிற இடம் மேப்பில் தெரிந்தால் அதையும் வட்டம் போடுங்கள், வண்டி குலுங்கி சாமான் விழுகிற இடம்.

இதற்கப்புறம் பெரிய மேப்பை மூடிவிட்டு கிராம வரைபடத்துக்கு வாருங்கள். பழைய ரெவின்யூ சர்வே வரைபடம் மைலுக்கு 16 அங்குலம் என்ற கணக்கில் போட்டது, ஒவ்வொரு புல எண்ணும் தெரியும். கூடவே 'அ' பதிவேடு, ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதி வைத்த கிராமக் கணக்கு. நத்தம் என்று பதிவாகி, இன்று ஒரு வீடும் இல்லாத எண் இருந்தால் அது பெயர்ந்துபோன ஊர். அந்த நத்தத்துக்குள் போகாதீர்கள், அதை ஒட்டிய பட்டாக் கொல்லைதான் உங்களுக்கு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத தகவல் கொல்லையின் பெயரில் இருக்கும்: சந்தமேட்டுக் கொல்லை, சாவடிக் கொல்லை, களத்துமேடு. உங்கள் சித்தப்பாவைக் கேளுங்கள், அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் பத்து பெயர் சொல்லுவார்.

போகும் முன் நிலக்காரரிடம் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்குங்கள், வி.ஏ.ஓ. காதிலும் போட்டு வையுங்கள். நம் பக்கத்தில் டிடெக்டரோடு ஒருவன் நடந்தால் 'புதையல் எடுக்க வந்திருக்கான்' என்று அரை மணி நேரத்தில் ஊர் கூடிவிடும். மண்ணில் மறைந்து கிடந்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பென்றால் 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள் கணக்கில் வரும், விற்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். உழவு போகிற ஆழத்துக்குக் கீழே தோண்டாதீர்கள், வட்டமாக நட்ட கல்லோ முதுமக்கள் தாழியின் ஓடோ தெரிந்தால் அப்படியே மூடிவிட்டு தாசில்தாருக்குச் சொல்லுங்கள்.

கடலை பிடுங்கி உழுது ஒரு மழை பெய்த பிறகு போங்கள். நம் செம்மண்ணில் இரும்பு கலந்திருப்பதால் கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணுக்கே கருவி கத்தாமல் இருக்கச் செய்யும் அமைப்பு) சரியாக வைக்காவிட்டால் கருவி சும்மா கத்திக்கொண்டே இருக்கும். கிடைப்பது என்று பார்த்தால் ஓட்டைக் காலணா, யோகம் இருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் 10 காசு, 20 காசு செம்பு, ஒரு பக்கம் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. (1808-ஆம் வருடக் காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையிலேயே முழுகிப்போனது, நம் ஊருக்கு வரவேண்டிய அந்தக் காசைப் பிற்பாடு அங்கே கடலிலிருந்து எடுத்தார்கள்.)

அப்புறம், துருப்பிடித்த ஆணி என்று அலுத்துக்கொண்டீர்களே, அதைக் கழுவிப் பார்த்தீர்களா? தலை தட்டையாக, குட்டையாக இருந்தால் அது மாட்டு லாட ஆணி. லாடமும் கிடைக்கும், பிறை மாதிரி மெல்லிய தகடு, ஒரு குளம்புக்கு இரண்டு. அதைத் தூக்கி எறியாமல் எடுத்த இடத்தை போனில் குறித்துக்கொண்டே வாருங்கள். பத்துப் பதினைந்து புள்ளி ஒரு கோடாகச் சேர்ந்தால் பழைய பாட்டை உங்கள் கொல்லை வழியாகத்தான் போயிருக்கிறது, மேப்பை எடுத்து அந்தக் கோடு எந்தச் சந்தைக்குப் போகிறது என்று பாருங்கள்.