கெண்டைக்காலும் கிடுகும்

வணக்கம் சேர்,

உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் படித்தேன். இப்போது மருத்துவம் முதலாம் வருடம், எல்லாம் ஆங்கிலம். ஒரு தொடையெலும்பைக் கையில் தந்து ட்ரொகாண்டர், கொண்டைல், கிரெஸ்ட் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். தமிழில் தேடினால் எல்லாம் ‘முளை’, இல்லாவிட்டால் ‘புடைப்பு’. தசைநார் அடுக்கில் ‘பெனேட்’ என்பது பிடிபடவே இல்லை. தமிழில் படித்தது வீணா?

ஒரு மாணவி, களுவாஞ்சிக்குடி

மகள்,

வீணில்லை. ‘முளை’ பற்றிய உங்கள் முறைப்பாடு மட்டும் நியாயம். பத்து விதமான மேட்டுக்கு ஒரே சொல்லைப் போட்டால் அது கலைச்சொல் ஆகாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் உடற்கூற்றியலை ‘அங்காதிபாதம்’ என்றார். அந்தத் துணிச்சல் பின்னால் வந்த கலைச்சொல் பட்டியல்காரர்களுக்கு இருக்கவில்லை.

சரி, எலும்புக்கு வருவோம். நான் உயிரியல் படிப்பித்த காலத்தில், காத்தான்குடியில் ஒரு இறைச்சிக்கடை நானாவிடம் மாட்டுத் தொடையெலும்பு வாங்கப் போவேன். “வழுவழுப்பான இடத்தில கத்திக்கு வேலையில்ல சேர், மூட்டு தானா கழரும். சொரசொரப்பில்தான் அறுக்கணும்” என்பார். பாதிப் பாடம் அதுதான். கொண்டைல் வழுவழுப்பு, எலும்போடு எலும்பு உரசுகிற இடம். ட்ரொகாண்டர், டியூபரோசிட்டி, கிரெஸ்ட் எல்லாம் தசை பிடித்து இழுக்கிற இடம், அதனால் சொரசொரப்பு. மிச்சம், நரம்பும் இரத்தக்குழாயும் போகிற வழி: போராமென் என்றால் துளை, சல்கஸ் என்றால் பள்ளக்கோடு.

சல்கஸ் என்பது லத்தீனில் ஏர் கிழித்த சால். அம்பாறை வயல்காரனுக்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? முழங்கையின் உட்பக்க மேட்டைத் தடவி, அதன் பின்னால் விரலை மெல்ல இறக்குங்கள். ஒரு சால் தட்டுப்படும். கதவில் இடித்தால் சுண்டுவிரல் வரை ‘கரண்ட்’ அடிக்கிறதே, அந்த நரம்பு அதற்குள்தான் கிடக்கிறது. முன்கையின் ரேடியஸ் எலும்பு தமிழில் ஆரை. கணிதத்தில் வட்டத்துக்குப் படித்த அதே ஆரைதான். லத்தீனிலும் அது சக்கரத்தின் ஆரக்கால். ட்ரொகாண்டரை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் தொடையெலும்புக்கு மட்டும் உள்ள பெயர், குழப்பம் வராது.

இனி பெனேட். லத்தீனில் ‘பென்னா’ என்றால் இறகு; தசைநார்கள் இறகுபோலச் சாய்ந்து அடுக்கியிருப்பதுதான் பெனேட். இறகைத் தேடி அலைய வேண்டாம், தென்னோலையைப் பாருங்கள். மட்டை, தசையை எலும்போடு கட்டுகிற தசைநாண்; இலைகள் தசைநார்கள். கிடுகு பின்ன ஓலையை நடுவால் பிளப்பார்களே, அந்தப் பாதியில் இலை ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து நிற்கும். அது யூனிபெனேட், கால்விரல்களை நிமிர்த்துகிற நீண்ட தசை அந்த வகை. பிளக்காத ஓலை பைபெனேட், முன்தொடையின் ரெக்டஸ் பெமோரிஸ். பல ஓலைகளைச் சேர்த்துக் கட்டினால் மல்டிபெனேட், தோளின் டெல்டொயிட்டின் நடுப்பகுதி.

ஏன் இந்தச் சாய்வு? நீளவாக்கில் கயிறுபோல ஓடுகிற நார் நீளமானது, அதனால் கூடத் தூரம் சுருங்கும். இடுப்பிலிருந்து முழங்காலின் உட்புறம் வரை போகும் சாட்டோரியஸ் அப்படி. சாய்ந்த நார்கள் குட்டை. ஆனால் அதே அளவு இடத்தில் எண்ணிக்கை கூட அடங்கும். தூரம் குறையும், பலம் கூடும். உடம்பின் பாரத்தை ஒவ்வொரு எட்டிலும் தூக்குகிற கெண்டைக்கால் தசைகளும் இந்த ஓலைக் கட்டுத்தான்.

கெண்டை என்றதும் ஞாபகம் வருகிறது. ‘மஸில்’ என்ற சொல்லின் மூலம் லத்தீனில் சுண்டெலி. தோலுக்கடியில் எலி ஓடுவதுபோல அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு மீன். வாவிக்கரையில் இருந்துகொண்டு நான் எலிக்கு வாக்களிக்க மாட்டேன்.

பரீட்சையில் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதுங்கள். வார்டுக்குப் போன பிறகு, “கெண்டைச்சதை இழுக்குது டொக்டர்” என்று ஒரு ஆச்சி சொல்லுவா. அப்போது கேஸ்ட்ரொக்னீமியஸ் என்று திருத்தப் போகாதீர்கள்.