கட்டட வேலையை விட்டுவிட்டுப் பூங்காப் பக்கம் போகலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மூன்று வருடமாக ஒரு கட்டுமான நிறுவனத்தில் இருக்கிறேன். நகரப் பூங்காக்கள், குடியிருப்புகளுக்கு நடுவே மக்களே சேர்ந்து உருவாக்கும் தோட்டங்கள் போன்ற வேலைகளில் இறங்க ஆசை. ஆனால் எனக்கு வரையத் தெரியாது, செடிகளின் பெயரும் அதிகம் தெரியாது. வேலையை விட்டுவிட்டு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரில் (பூங்கா, திறந்தவெளி வடிவமைப்பு) முதுகலை படிக்கலாமா? "இவ்வளவு படித்துவிட்டுத் தோட்ட வேலைக்கா போகிறாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். பூங்கா வேலைக்கு வேண்டியதில் பெரும்பகுதி உங்கள் கையிலேயே இருக்கிறது.

ஒரு பூங்காவின் வரைபடக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். செடி கொடிகள் வருவது கடைசித் தாள்களில்தான். அதற்கு முன்னால் மட்டம், சரிவு, வடிகால், மண், குழாய், மின்சாரம் என்று எல்லாம் உங்களுக்குப் பழகிய சமாச்சாரம். நடைபாதையின் சரிவு 20க்கு 1ஐ (20 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம்) தாண்டினால் பல நாட்டு விதிகளில் அது சாய்தளமாகிவிடும். 12க்கு 1க்கு மேல் போகக் கூடாது, கைப்பிடி வேண்டும், நடுவே மூச்சு வாங்க மட்டமான இடம் வேண்டும். அழகாக வளைத்து வரைந்த பாதை சக்கர நாற்காலிக்கு உதவாமல் போவது பெரும்பாலும் இந்தக் கணக்கை யாரும் போடாததால்தான். மண்ணும் அப்படியே. கட்டுமான இயந்திரங்கள் ஓடி இறுகிப்போன மண்ணில் நட்ட மரம், திறப்பு விழாப் படத்தில் பச்சையாக நிற்கும். அப்புறம் சில வருடங்களில் நுனியிலிருந்து காய ஆரம்பிக்கும். இதை முன்கூட்டியே சொல்லக்கூடிய ஆள் எந்தக் குழுவுக்கும் தேவை.

சிங்கப்பூரின் பிஷான்-அங் மோ கியோ பூங்காவைப் பற்றித் தேடிப் படியுங்கள். 2.7 கிலோமீட்டர் நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயை உடைத்து, பூங்காவுக்குள்ளேயே வளைந்து ஓடும் சுமார் 3 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். கனமழையின்போது கரையோரப் புல்வெளியே வெள்ளம் பரவும் இடம். மழை விட்டதும் மறுபடி நடைபழகும் இடம். கரைகளைப் பிடித்து வைத்திருப்பது செடிகளின் வேரும் கல்லும் சேர்ந்த அமைப்பு. முழு ஆற்றிலும் கைவைக்கும் முன், ஒரு சிறிய வடிகாலில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நீரியல் தெரிந்த இன்ஜினியர் இல்லாமல் இது நடக்குமா?

வரையத் தெரியாதது பெரிய குறை இல்லை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் வடிவமைப்புப் போட்டியில் 1858இல் வென்ற ஃப்ரெடரிக் லா ஓம்ஸ்டெட் அதற்கு முன் விவசாயம் பார்த்தவர், பத்திரிகைகளில் எழுதியவர். அந்த இடத்தைச் சுத்தம் செய்யும் ஆட்களை மேற்பார்வை பார்க்கும் வேலையில்தான் அங்கே நுழைந்தார். கட்டடக் கலை தெரிந்த கால்வர்ட் வாக்ஸ் கூட்டு சேர்ந்தார். உங்களுக்கும் ஒரு வாக்ஸ் கிடைப்பார்.

அதற்காகப் படிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. பல நாடுகளில் முறைப்படி பதிவு செய்தவர்கள்தான் 'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்' என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியும். வடிவமைப்பில் கையெழுத்துப் போடும் ஆளாக வர ஆசை என்றால் பட்டம் தேவைப்படும். வேறு துறையிலிருந்து வருபவர்களைச் சில பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்கின்றன, பொதுவாகக் கூடுதல் காலப் படிப்பாக. கட்டடக் கலைப் பட்டம் இல்லாமல் சேர்ப்பார்களா, முடித்தால் பதிவு கிடைக்குமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். திட்ட மேலாண்மை, நீர் மேலாண்மை, பராமரிப்புப் பக்கம் போவதானால் இந்தப் பட்டம் அவ்வளவு அவசியமில்லை.

உங்களிடம் உண்மையிலேயே இல்லாதது வேறு. மக்களோடு உட்கார்ந்து பேசிய அனுபவம். கட்டுமான வேலையில் அதற்கு வாய்ப்பு கம்மி.

வியன்னாவில், பத்து வயதை ஒட்டிய பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவதைக் கவனித்தார்கள். திறந்த மைதானத்தைப் பையன்கள் பிடித்துக்கொண்டால், இவர்கள் ஓரமாக நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள்: பெரிய வெளியைச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்து, பாதைகளை அதிகமாக்கி, வாலிபால், பேட்மின்டன் ஆட இடம் ஒதுக்கினார்கள். பெண் குழந்தைகள் திரும்பி வந்தார்கள். யார் வருகிறார்கள் என்று எண்ணுவதைவிட யார் வருவதில்லை என்று பார்ப்பது முக்கியம் என்பேன்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. நியூயார்க்கில் கைவிடப்பட்ட உயர்மட்ட ரயில் பாதையைப் பூங்காவாக்கிய ஹை லைன், 2009இல் திறந்ததும் உலகப் புகழ் பெற்றது. சுற்றியுள்ள நிலமதிப்பும் வாடகையும் ஏறின. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் ஹேமண்டே, பக்கத்துக் குடியிருப்புகளில் இருக்கும் வசதி குறைந்த மக்களிடம் என்ன வேண்டும் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்.

மக்கள் தோட்டங்களுக்கு வருவோம். நியூயார்க்கில் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் 1973இல் குப்பைமேடாகக் கிடந்த மனையைத் தோட்டமாக்கினார்கள். மறுவருடமே நகர நிர்வாகம் மாதம் 1 டாலருக்கு அதை வாடகைக்குக் கொடுத்தது. எனக்கு அந்த வாடகைச் சீட்டுதான் பெரிய விஷயம். நிலம் யாருடையது, எத்தனை வருடத்துக்கு, தண்ணீர் யார் தருவார்கள் என்று காகிதத்தில் இல்லாத தோட்டம், மனைக்கு விலை வந்ததும் போய்விடும். ஆரம்ப உற்சாகம் அடங்கியபின் யார் தண்ணீர் ஊற்றுவது என்ற சண்டையும் கட்டாயம் வரும். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து முறை வைத்துக் கொடுக்கத் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் குறைவு.

ஆகவே வார இறுதிகளில் உங்கள் பக்கத்தில் நடக்கும் ஏதாவது ஒரு தோட்டக் குழுவில் ஒரு வருடம் வேலை பாருங்கள். வடிகால் கணக்குப் போட்டுக் கொடுங்கள், மண்வெட்டியும் பிடியுங்கள். செடிப் பெயர்கள் தானாக வந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற நிலவரைபட மென்பொருளில் வரைபடம் போடப் பழகுங்கள். அந்த ஒரு வருட வேலையின் முன், பின் படங்களும் கணக்குகளும் உங்கள் போர்ட்ஃபோலியோ ஆகும்.

சம்பளம்? பொதுப் பூங்கா வேலைகள் டெண்டர், ஒப்புதல் என்று மெதுவாக நகரும். லேண்ட்ஸ்கேப் நிறுவனங்களுக்கு நல்ல பணம் பெரும்பாலும் சொகுசு விடுதிகள், தனியார் குடியிருப்புகளிலிருந்துதான் வருகிறது. நீங்கள் பூங்காவுக்கென்று சேர்ந்து, நீச்சல் குளத்தைச் சுற்றிப் புல்தரை போட்டுக்கொண்டிருக்க நேரலாம். நகராட்சி வேலையில் நிதானம் உண்டு, வேகம் இராது.

வீட்டில் வாயால் விளக்குவதைவிட, ஒரு பூங்காவின் வரைபடத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தோட்ட வேலை தெரிந்தவர்களை மதிக்காமல் இந்தத் துறையில் ஒரு நாளும் ஓட்ட முடியாது என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் கட்டிய பூங்காக்களில் ஐந்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தது எது? அதன் பராமரிப்புச் செலவை யார் ஏற்கிறார்கள்?" பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த நிறுவனத்துக்கு விண்ணப்பம் போடுங்கள்.