மாப்பிள்ளை தந்த ஆல்பமும் தோடியின் காந்தாரமும்

கேள்வி: எனக்கு வயது அறுபது. மும்பை மாட்டுங்காவில் வசிக்கிறேன். நாற்பது ஆண்டுகளாக சண்முகானந்தா சபாவில் கச்சேரி கேட்டு வருகிறேன். என் பிறந்தநாளுக்கு மாப்பிள்ளை ஆர்னெட் கோல்மன் என்ற ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞரின் ‘சவுண்ட் கிராமர்’ ஆல்பத்தைப் பரிசளித்தார். மூன்று முறை முயன்றேன். ஆளுக்கொரு பக்கம் இழுப்பதுபோல்தான் கேட்கிறது. ஞாயிறுதோறும் “கேட்டீங்களா அத்தை?” என்று ஆசையாகக் கேட்கிறார். மனம் நோகக்கூடாதே என்று “நன்றாக இருந்தது” என்று பொய் சொல்லிவிட்டேன். குறை என் காதிலா, அந்த இசையிலா? இதை எப்படித்தான் கேட்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் காதில் எந்தக் குறையும் இல்லை. உங்கள் காது பழக்கத்தின்படி தாளம் ஒரு சுற்றுச் சுற்றி வரும் ஆவர்த்தனத்தைத் தேடியிருக்கிறது, சுருதியைத் தேடியிருக்கிறது; நாம் அறிந்த வடிவில் இரண்டுமே அந்த ஆல்பத்தில் இல்லை. 2007-ல் அதற்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்த செய்தியைப் படித்துவிட்டு நானும் ஆவலுடன் வாங்கி வந்து, பத்தாவது நிமிடத்தில் நிறுத்தி வைத்தவன். இன்று நான் மிகவும் நேசிக்கும் இசைகளில் அதுவும் ஒன்று. இடையில் என்ன நடந்தது என்று சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என நினைக்கிறேன்.

முதலில், அங்கே எது விலக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான ஜாஸில் முதலில் ஒரு மெட்டை வாசிப்பார்கள். அந்த மெட்டுக்கு அடியில் கார்டுகளின், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களின், வரிசை ஒன்று, பெரும்பாலும் 12 அல்லது 32 பார் (தாளக் கட்டம்) அளவுக்கு, திரும்பத் திரும்பச் சுற்றி வந்துகொண்டிருக்கும். மேடையிலேயே கற்பனை செய்து கல்பனாஸ்வரம் பாடுபவர் எங்கே சுற்றினாலும் பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்கு வந்து சேர வேண்டும் என்பதுபோல, சாக்ஸஃபோன்காரர் தன் கற்பனையை அந்தச் சுற்றுக்குள்தான் நடத்துவார். டெக்ஸாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் 1930-ல் பிறந்த ஆர்னெட் கோல்மன், 1950-களின் இறுதியில் அந்தச் சுற்றையே எடுத்துவிட்டார். மெட்டு இருக்கும், அது முடிந்த பிறகு எவ்வளவு நேரம் எந்தப் பக்கம் போவது என்பதை, மெட்டு எழுப்பிய உணர்வும் உடன் வாசிப்பவர்களின் பதிலும்தான் தீர்மானிக்கும். 1960 டிசம்பரில் அவர் எட்டுப் பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை இடது ஸ்பீக்கரிலும் மற்றதை வலது ஸ்பீக்கரிலும் ஒலிக்கவைத்து, சுமார் 37 நிமிடங்களுக்கு ஒரே உருப்படியாகப் பதிவு செய்தார். ‘ஃப்ரீ ஜாஸ்’ என்று அவர் அதற்கு இட்ட தலைப்பே பின்னர் இந்த வகை இசைக்குப் பெயராக நின்றுவிட்டது.

இனி, நீங்கள் என்னைவிட நன்றாக அறிந்திருக்கக்கூடிய ஓர் இடத்துக்கு வருகிறேன். தோடி ராகத்தில் வருவதும் சாதாரண காந்தாரம் என்ற ஸ்வரம்தான். கரகரப்பிரியா ராகத்தில் வருவதும் அதே சாதாரண காந்தாரம்தான். ஹார்மோனியத்தில் இரண்டுக்கும் ஒரே கட்டை. ஆனால் ஒரு நல்ல பாடகர் தோடியின் காந்தாரத்தைத் தொட்ட கணத்திலேயே, அந்த அசைவைக் கேட்டு, “தோடி” என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் மெல்லச் சொல்லிவிடுவீர்கள். ஸ்வரத்தின் இடம் ஒன்றாக இருந்தாலும், அது எந்த ராகத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப அதன் உயிர் மாறுகிறது. கோல்மன் வாழ்நாள் முழுவதும் பிடித்துக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய இதே எண்ணம்தான்: துயரத்தைச் சொல்லும் மெட்டில் வரும் ஒரு ஸ்வரமும் அமைதியைச் சொல்லும் மெட்டில் வரும் அதே ஸ்வரமும் ஒரே மாதிரி ஒலிக்கக்கூடாது என்று அவர் கருதினார். அதனால்தான் அவருடைய ஆல்டோ சாக்ஸஃபோனில் ஒரு ஸ்வரம் சில இடங்களில் ஒரு நூல் ஏறியும், சில இடங்களில் ஒரு நூல் இறங்கியும் நிற்கிறது. சுருதிப்பெட்டியை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் அது பிசகாகத் தெரியும். தொண்டை கம்மிப் பேசும் ஒருவரின் குரலாக நினைத்துக் கேளுங்கள். அந்த ஏற்ற இறக்கங்களுக்கு உடனே பொருள் கிடைக்கும்.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் நம் கமகத்துக்கு இலக்கணம் உண்டு, குரு உண்டு, தலைமுறைகளின் பாடாந்தரம் உண்டு. கோல்மனுடையது அவரே தனக்கு வகுத்துக்கொண்டது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் தோடியின் காந்தாரத்துக்காகக் காத்திருந்து பழகிய காதுக்கு இதற்குள் நுழைய ஒரு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேலும், 1980-ல் இதே மும்பையில் நடந்த ஜாஸ் யாத்ரா விழாவில்தான் சாக்ஸஃபோனில் கர்நாடக இசை வாசித்த நம் கத்ரி கோபால்நாத் அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் ஹேண்டியுடன் சேர்ந்து வாசித்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். நம் ஊர்க் காதுக்கு இந்தக் கருவி அந்நியமல்ல, உறவாகி வெகுகாலமாகிறது.

உங்கள் மாப்பிள்ளை தந்த ஆல்பம் 2005 அக்டோபரில் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் மேடையில் பதிவானது. அப்போது கோல்மனுக்கு வயது 75. டிரம்ஸ் வாசிப்பவர் அவருடைய மகன் டெனார்டோ. பத்து வயதிலேயே தந்தையின் ஆல்பத்தில் வாசித்தவர். மற்ற இருவரும் டபுள் பாஸ் என்ற, ஆளுயரத் தந்திக் கருவியை வாசிக்கிறார்கள். ஆளுக்கொரு பக்கம் இழுப்பதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள் அல்லவா? அந்த உணர்வுக்கு இந்த இரண்டு பாஸ்களும் ஒரு காரணம். கிரெகரி கோஹன் விரலால் மீட்டுகிறார். டோனி ஃபலாங்கா பெரும்பாலும் வில் போடுகிறார். இரண்டாம் முறை நான் அந்த வில்லின் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டேன். சாக்ஸஃபோன் ஒரு சொற்றொடரை விட்டுவிட்டு மூச்செடுக்கும்போது வில் அதை வாங்கி நீட்டுகிறது. சில சமயம் அதற்கு முன்பே போய் நின்று காத்திருக்கிறது. பாடகர் நிறுத்திய இடத்தில் வயலின்காரர் தொடர்வதைப் பல்லாயிரம் முறை கேட்டவர் நீங்கள். அந்த உரையாடல் காதில் விழுந்துவிட்டால், சண்டையாகத் தோன்றிய ஓசை நான்கு பேரின் பேச்சாகத் தெளியும். விரலால் மீட்டும் பாஸ் அதற்கு அடியில் நடந்துகொண்டே இருப்பதையும் அப்போது உணர்வீர்கள்.

ஆகவே முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். ‘டர்னரவுண்ட்’ என்ற ஒரே உருப்படியை மட்டும் இந்த வாரம் கேளுங்கள். 1959-லேயே அவர் ஒருமுறை பதிவு செய்துவிட்ட மெட்டு அது; ஜாஸுக்கு வேரான ப்ளூஸ் பாட்டு வகையைச் சேர்ந்தது. தொடக்கத்தில் வரும் மெட்டை இரண்டு முறை கேட்டால் நீங்களே முணுமுணுத்துவிடலாம். ஹெட்போன் போட்டுக்கொண்டு, மின்விசிறியையும் முடிந்தால் நிறுத்திவிட்டு, முதல் நாள் சாக்ஸஃபோனை மட்டும் கேளுங்கள். அடுத்த நாள் வில்லை. அதற்கடுத்த நாள் டிரம்ஸை. தாளம் போடக் கை எழுந்தால் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தில் கோல்மன் ட்ரம்பெட்டும் வயலினும் எடுக்கும் இடங்களும் வரும். அந்த வயலின் நம் காதுக்குக் கடினமானது. அதை அவர் பாடவைப்பதில்லை, உரசலையும் வேகத்தையும் ஓசையாக வீசுகிறார். எனக்கு அது இன்னும் மனத்தில் ஒட்டவில்லை. நீங்கள் அதை இப்போதைக்குத் தாண்டிப் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

மாப்பிள்ளையிடம் சொன்ன பொய்யை வரும் ஞாயிறே திருத்திவிடுங்கள். பிறந்தநாளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடமையை முடித்துக்கொள்ளாமல், தனக்கு உயிரானதை உங்களுக்குத் தந்திருக்கிறார் அவர். உங்கள் காதின் மேல் அவர் வைத்திருக்கும் மதிப்பு அது. “மூன்று தடவை கேட்டேன், பிடிபடவில்லை, இந்த ஒரு பாட்டை என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, உனக்கு எந்த இடம் பிடிக்கும் என்று காட்டு” என்று சொன்னால் அவர் மனம் நோகாது, நீங்கள் அப்படிக் கேட்பதற்காகவே அவர் ஞாயிறுதோறும் காத்திருக்கக்கூடும். அது முடிந்ததும், உங்களுக்குப் பிடித்த தோடி ஆலாபனை ஒன்றை எடுத்து, காந்தாரம் வரும் இடத்தில் அவர் கையைத் தட்டிக் காட்டுங்கள்.